வீட்டுக்கு ஒரு ஆள்

"…கரும்பு போச்சு, குத்தகை நெலமும் போச்சு. அதுக்காவ ஊருக்குள்ள எங்க வூடே இல்லன்னு ஆயிடுமா? இன்னா மாமா பேசறீங்க?"

கால்வாய்க் கரையில் மண்வெட்டியோடு நின்று வார்டு மெம்பரை இப்படிக் கேட்டவள் எங்கள் ஊர்ப் பின்தெருப் பெண். நாங்கள் ஏற்கெனவே உள்ளே இறங்கி வெட்டிக்கொண்டிருந்தோம்.

கச்சிராயபாளையம் பக்கத்தில் எங்கள் ஊர். அணை திறக்கும் முன் வீட்டுக்கு ஒரு ஆள் இறங்கிக் கால்வாயைத் தூர் வாருவோம். வீட்டுக்கு ஒரு பங்கு. அந்த வருஷம் மழையும் இல்லை, கையில் காசும் இல்லை. பாதி ஊர் பிழைப்புக்கு வெளியே போயிருந்தது. அவள் புருஷன் திருப்பூரில். ரெண்டு பிள்ளைகளோடு தனியாகக் கஷ்டப்படுகிறாளே என்று, மெம்பர் அவள் பங்கை எனக்கும் பக்கத்து ஆளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் வேலை முடிந்ததும் கரையிலேயே உட்கார்ந்து, கிராம சபையில் ஊர் எதைக் கேட்க வேண்டும் என்று பேசுவோம். வெட்டின வீடுதான் அதில் வாய் திறக்கலாம். பின்தெருக் குழாயோ ரொம்ப நாளாகக் காய்ந்து கிடந்தது. அதைச் சொல்ல அந்தத் தெருவிலிருந்து வேறு யாரும் வரவில்லை.

"பாய்ச்சறதுக்கு உனக்கு நெலமே இல்லியேம்மா. கூலிக்குப் போனாலும் நாலு காசு கெடைக்கும்னுதான் வுட்டு வெச்சேன்" என்றார் மெம்பர்.

"நெலம் இல்லன்னா தண்ணி குடிக்க மாட்டமா? எங்க தெருக் கொழாய யாரு கேக்கறது?"

"உனக்காவ நாங்க கேக்கறோம், போ."

"போன தடவையும் நீங்கதான் கேட்டீங்க. உங்க தெருவுக்கு லைட்டு வந்துச்சு."

கால்வாய்க்குள் ஒரே சிரிப்பு. மெம்பரும் சிரித்துவிட்டார். என் பக்கத்து ஆள் மட்டும் விடவில்லை.

"வேலை வேணாம்னு சொன்னா சண்டைக்கு வர்ற ஒரே ஆளு நீதான்மா."

"வருசா வருசம் பொண்டாட்டிய வெட்ட அனுப்பிட்டு டீக்கடையில குந்திக்கினு இருந்தவரு நீங்க. இன்னிக்குத்தான் மண்வெட்டிய எந்தப் பக்கம் புடிக்கணும்னே பாத்தீங்க."

அவர் குனிந்து மண்ணைப் பார்த்தார். மெம்பர் தலையைச் சொறிந்துகொண்டு, "காலையிலேயே அளந்து வுட்டாச்சே, இனிமே எங்கன்னு எடம் காட்டுவேன்?" என்றார்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "கொஞ்சம் நவுருங்கண்ணா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் இறங்கி வெட்ட ஆரம்பித்தாள்.