'திடீரென' என்று கல்லில் வெட்டாதீர்கள்

கோயில் சமையற்கூடத்தில் அன்று நான்கு பேர் இருந்தோம்: நான், மாதர் சங்கத் தலைவி கிரேஸ் அக்கா, சமையலுக்கு வந்த தவமணி, சபைச் செயலர் அண்ணாச்சி. சபை விருந்தான அசனத்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். எஸ்தர் டீச்சர் ஒரு வீட்டு மாடிப்படியில் சரிந்து இறந்துவிட்டார் என்ற செய்தி அங்கேதான் வந்தது. தோளில் பிடி அரிசிப் பையாம். "திடீர்னு போயிட்டாகளே" என்றார் செயலர். அந்தச் சொல்லில் மூண்ட கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சபையாரே, உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறோம். துறைமுக லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, வீடு வீடாகப் போய் அதை வாங்கி வந்தவர் டீச்சர். "அவுகளுக்கு என்ன, பிள்ளையா குட்டியா?" என்று சொல்லி அந்த வேலையை அவர் தலையில் கட்டினீர்கள்.

போன மழைக்காலத்தில் சங்கக் கூட்டத்தில் அவர் கால் வீங்கியிருந்ததைப் பார்த்து, என்னவென்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்தவர் அல்லவா, வலியைக்கூடப் பாடமாகத்தான் சொன்னார்.

"ஏளா ராணி, கிரேக்கத்துல 'ட்ரோமோஸ்'னா ஓட்டம். குதிரை ஓடுத இடம் ஹிப்போட்ரோம். ஏரோப்ளேன் ஓடி எந்திரிக்கித இடம் ஏரோட்ரோம். நோயோட அடையாளமெல்லாம் கூடி ஓடியாந்தா, டாக்டர்மாரு சிண்ட்ரோம்பாக. நோய்க்கு முந்தியே ஒண்ணு ரெண்டு ஓடியாரும் பாரு, அது ப்ரோட்ரோம். என் காலு அதான்."

"நடக்கவே முடியாத காலுக்கு ஓட்டம்னு பேரா டீச்சர்?" என்றாள் தவமணி. டீச்சர்தான் முதலில் சிரித்தார்.

இந்த அசனத்துக்கு முன் என் கண்ணெதிரே செயலரிடம் கேட்டார்: "மாடி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணாச்சி. வேற ஆளப் போடுங்க."

"டீச்சரம்மா, உங்க முகத்துக்குத்தான் அரிசி விழும். கர்த்தர் பெலன் தருவாரு, போயிட்டு வாங்க."

"பெலன் வாரதுக்குள்ள மூச்சு ஓடிருதே!"

கர்த்தரின் பெயரைத் தினமும் முழங்காலில் நின்று சொல்கிறவள் நான். முடியாத ஒருத்தியை மாடி ஏற்றவா அந்தப் பெயர்?

இப்போது கல்லறையில் 'திடீரென நித்திரையடைந்தார்' என்று வெட்டப் போகிறீர்களாம். எது திடீரென வந்தது? கால் முன்னால் ஓடி வந்து சொன்னது. மூச்சு சொன்னது. டாக்டரும் சொன்னார். கேட்கத்தான் ஆளில்லை. சங்கத்து அரிசிக் கணக்கை எழுதுகிறவள் நான். வராத அரிசியை வந்ததாக ஒருநாளும் எழுதியதில்லை. கல்லில் மட்டும் பொய் நிற்கலாமா?

அவர் தோளில் கிடந்த பையைத் துவைத்து வைத்திருக்கிறேன். இன்னொருத்தி தோளில் மாட்ட அதைத் தரமாட்டேன்.

கல் வெட்டுகிறவர் திங்கட்கிழமை வருகிறார். அந்தச் சொல்லை எடுப்பீர்களா, மாட்டீர்களா? ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் பதில் சொல்லுங்கள்.