போதாத குறை

இன்று சென்னையில் மூன்று டாக்டர்கள் என் இடது கையை நீட்டி, மடக்கி, அளந்து பார்த்தார்கள். பிறவியிலேயே மடங்கிப்போன கை. இந்தக் கையோடுதான் இத்தனை வருடமாக மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா தடகளத்தில் நூறு மீட்டர் ஓடுகிறேன்.

"புது விதிப்படி உங்க குறைபாடு போதாதும்மா. இனிமே பாரா போட்டியில ஓட முடியாது."

சரி சார் என்றேன். அழுகைகூட வரவில்லை.

ஊருக்குத் திரும்பும் வழியில் காஞ்சிபுரத்தில் உத்திரமேரூர் பஸ் ஏறினேன். கூட்டம். மாற்றுத்திறனாளிகள் சீட்டில் இருந்த அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"கை இப்டி கீது, இன்னாத்துக்கு நின்னுக்கினு வர்ற? குந்தும்மா."

"எனக்கு ஒண்ணும் இல்லியாம்கா. டாக்டருங்களே சொல்லிட்டாங்க."

"அவுங்களுக்குக் கண்ணு இல்லியா?"

திருப்புலிவனம் வரை உட்கார்ந்தே வந்தேன்.

நாளைக் காலை நான் யாரோடு ஓடுவது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.