புளி போட்டுத் தேய்த்த கடப்பாக்கல்

“பள்ளிக்கூடம் போனவளுக்குத் தரை தொடைக்கத் தெரியுமாக்கும்?” திண்டுக்கல்லில் நான் மருமகளாக நுழைந்த வாரமே அத்தை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் நான். ஆசிரியப் பயிற்சிக்கு இடமும் கிடைத்திருந்தது.

கூடத்தில் கறுத்த கடப்பாக்கல் பாவியிருந்தது. ஒரு விருந்தன்று நான் ரசத்தைக் கொட்டிவிட, அதில் வெள்ளைத் திட்டு விழுந்தது.

“இந்தக் கறை போகட்டும். அப்புறம் டிரெயினிங் போகலாம்” என்றார் அத்தை.

பித்தளைக் கறைக்குப் புளிதானே? அதையே போட்டுத் தேய்த்தேன். பிறகு எலுமிச்சம்பழம். உள்ளங்கை அளவுத் திட்டு தாம்பாள அளவாயிற்று. தேய்க்கத் தேய்க்க வாசல் தூரமாகப் போனது.

ஒரு மத்தியானம், பழம் பிழிந்த இடத்தில் பொடிப்பொடியாக நுரை எழும்பியது. வகுப்பில் சுண்ணாம்புக்கல்லில் அமிலம் விட்டபோது பார்த்த அதே நுரை!

“அத்தை, இது அழுக்கில்லை. கடப்பாவும் சுண்ணாம்புக்கல்தான்; புளிப்புப் பட்டு கல்லே அரிச்சுப்போச்சு. இனிமே போகாது.”

அவர் நம்பவில்லை. வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவினேன். திட்டு கறுத்தது.

“போயிருச்சே ஆத்தா!”

ஆமாம் என்று சொன்னால் அன்றே எனக்கு விடுதலை. பொய் சொல்ல மனம் வரவில்லை.

“எண்ணெய் மறைக்குது அத்தை. காஞ்சா திரும்பத் தெரியும்.”

அத்தை காலால் தடவிப் பார்த்தார். “அப்ப நீ போயிட்டா யாரு எண்ணெய் தடவுவா?”

“நீங்கதான்.”

போகாத கறையைப் போக்கச் சொன்னவரைவிட, சரியென்று குனிந்த என்னைத்தான் இன்றும் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். அவர் சம்மதம் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை அந்தத் திட்டைத் தாண்டி நடந்து, டிரெயினிங்குக்கு டவுன் பஸ் ஏறினேன்.