தெருமட்டம்

எழுபதுகளின் தொடக்கத்தில் பாலிடெக்னிக் முடித்த கையோடு காரைக்குடியில் நான் வரைந்த முதல் பிளான், மலேயாவிலிருந்து திரும்பிய ஒரு ராவுத்தரின் வீடு. மகள் கல்யாணத்துக்குள் இரண்டாம் மாடியில் ஓர் அறை வேண்டும் என்பது அவர் ஆசை. நகராட்சி விதித்த உயரத்தைத் தெருமட்டத்திலிருந்து அளக்க வேண்டும். நானோ வீட்டுத் தரையிலிருந்து கணக்கிட்டுவிட்டேன். எங்கள் ஊரில் தரையைத் தூக்கிக் கட்டும் பேஸ்மட்டமே இடுப்பளவு இருக்கும். அறைச்சுவர் எழும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் நகராட்சி ஓவர்சியர் அளக்க வந்தார். உச்சியிலிருந்து டேப்பை இறக்கி, "தம்பி, கீழ்முனையைப் பிடிங்க" என்றார். பேஸ்மட்டத்தின் மேல் பிடித்தால் அறை தப்பும். முனையை எங்கும் வைக்காமல் தொங்கவிட்டபடி நின்றேன்.

"என்ன தம்பி, பாம்பையா பிடிச்சிருக்கீக?" என்று கொத்தனார் சிரித்தார்.

இப்போது தப்பி, தளம் போட்டபின் நகராட்சி கண்டுபிடித்து இடித்தால்? படியிறங்கித் தெருமண்ணில் முனையை வைத்தேன்.

"மூணடி கூட இருக்கே!" என்று மேலிருந்து குரல் வந்தது.

பார்த்துக்கொண்டிருந்த ராவுத்தர் தெருவுக்கு இறங்கி வந்து சுவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு கொத்தனாரிடம், "அறையைப் பிரிச்சிருங்க" என்றார். நழுவப் பார்த்த என்னை நிறுத்தினார்.

"எங்குட்டுப் போறீக? கீழ ஒரு அறைக்கு நீங்கதான் பிளான் போடணும்."

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.