மூக்கு நிமிரும் இடம்

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் பலாலியிலிருந்து விமானம் மேற்கு நோக்கித்தான் கிளம்ப வேண்டும். அந்தப் பக்கம் ஓடுபாதை முடிந்து சற்றுத் தூரத்தில், விமான நிலைய வேலிக்கு உள்ளே, எங்கள் மயிலிட்டிக் காணி கிடக்கிறது. வீடு இல்லை. பின்வளவில் என் அக்கா புதைக்கப்பட்டிருக்கிறாள்.

அவளுக்கு இரண்டு வயது. காய்ச்சலில் போனாள். சின்னப் பிள்ளை என்பதால் எரிக்காமல் கிணற்றடிக்குப் பின்னால் புதைத்தார்கள். அந்த மண் காய்வதற்குள் ஷெல்லடி தொடங்கி, ஊரே எழும்பி ஓடியது. நான் அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தேன். சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைத் தோட்டத்தின் ஓரத்தில் கொட்டில் போட்டு இருந்தபோது பிறந்தேன். ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. சண்டிலிப்பாயே எங்கள் இடமாயிற்று. வாயில் சோறு தீத்தும்போதும் சீப்பால் தலை இழுக்கும்போதும் அம்மா அக்காவைப் பற்றி ஒன்றையே சொல்லுவார்.

“கொக்காவைத் தனிய விட்டிட்டு வந்திட்டம், பிள்ளை.”

படித்தேன், விமானியானேன், கப்டனும் ஆனேன். கொழும்புப் பக்கத்து இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் என் வேலை.

ஓடுபாதையில் குறித்த வேகம் வந்ததும் பக்கத்திலிருக்கும் துணை விமானி “ரொட்டேட்” என்று சொல்லுவார். அப்போது முன்னாலுள்ள தண்டை நம் பக்கம் இழுத்து மூக்கைத் தூக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் வால் தரையில் உரசும். தயங்கினால் ஓடுபாதை தீர்ந்துவிடும். சீரான ஒரே இழுவை. இடையில் நிற்கக் கூடாது. அதுவரை ஓடுபாதையின் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்த கண், மூக்கு நிமிரத் தொடங்கியதும் உள்ளே வந்து கருவிகளில் பதிய வேண்டும். வெளியே பார்த்தாலும் பயனில்லை. மூக்கு நிலத்தை மறைத்துவிடும், வானம்தான் தெரியும். எத்தனையோ முறை அக்காவுக்கு மேலால் பறந்திருக்கிறேன். ஒருமுறைகூட அந்த இடத்தைக் கண்டதில்லை.

கொழும்பில் வழமையான சோதனை ஒன்றுக்குப் போயிருந்தேன். நிலத்திலேயே நிற்கும் போலி விமான அறையில் அமர்த்தி ஓட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். கிளம்பி முடிந்ததும் சோதகர் கேட்டார்.

“பாதி இழுத்துவிட்டு ஏன் நிற்கிறீர்கள்?”

“நான் நிற்கவில்லையே.”

அவர் திரையில் கோட்டைக் காட்டினார். ஏறிக்கொண்டிருந்த கோடு நடுவில் ஒரு கணம் படுத்து, பிறகு ஏறியது. திரும்பச் செய்யச் சொன்னார். திரும்பவும் அதே இடத்தில் படுத்தது. மூன்றாம் முறை என் கையை நானே கவனித்தேன். பாதியில் தண்டு இழுவைக்கு வரவில்லை. மிக இலேசான எதிர்ப்பு. ஒரு குழந்தை சட்டை நுனியைப் பிடித்து நிற்கிற அளவுக்குத்தான்.

“பாரம் கூடிய நாளில் இது ஆபத்து. திருத்திக்கொள்ளுங்கள், அடுத்த சோதனையில் மறுபடி பார்க்கிறேன்” என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிளம்பலிலும் அந்தப் பிடி வரும் என்று காத்திருந்தேன். வந்தது. பலத்தை ஒரு இம்மி கூட்டி அதைக் கடந்துகொண்டிருந்தேன். உடனே பின்னங்கழுத்து குளிரும். ஒருவரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சோளகக் காலத்திலேயே அம்மாவைக் கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது. இரண்டு கண்ணிலும் வெண்புரை. முகத்துக்கு முன் விரலை ஆட்டினால்தான் தெரியும். என்னுடைய விமானத்திலேயே, ஜன்னலோரத்தில் இருத்தினேன்.

“ரொட்டேட்” என்றார் துணை விமானி.

இழுத்தேன். தண்டு எண்ணெய் போட்டதுபோல் வந்தது. மூக்கு சீராக நிமிர்ந்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை. ஏதோ கைவிட்டுப் போனதுபோல் இருந்தது.

இரத்மலானையில் அம்மாவின் கையைப் பிடித்துப் படியால் இறக்கினேன். மற்றக் கையால் சேலைத் தலைப்பைச் சுருட்டி வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

“காணிப்பக்கம் ஏதும் தெரிஞ்சதோ அம்மா?”

“ஓம். கிணத்துக்கட்டு தெரிஞ்சது.”

“உங்கடை கண்ணுக்கோ?”

“அவள் அங்கை இல்லை, பிள்ளை” என்றார்.

“அப்ப எங்கை?”

“பிளேன் மேலை எழும்பேக்கை ஏறினவள். என்ரை மடியிலைதான் கிடந்தவள். உடம்பு சில்லெண்டு இருந்தது, சீலையாலை போத்தினனான்.”

நான் அவருடைய தோளில் தொங்கிய கைப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு அவரைக் கூட்டி நடந்தேன்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. மறு சோதனையில் என் கோடு எங்கும் படுக்கவில்லை. “நல்ல மாற்றம்” என்று சோதகர் கையெழுத்து வைத்தார். அன்று முதல் எந்த ஓடுபாதையிலும் என் கையை ஒன்றும் பிடிக்கவில்லை.

அம்மா இப்போது சண்டிலிப்பாயில் ஊசியில் நூல் கோர்க்கிறார். கொக்காவைத் தனியே விட்டு வந்த கதையை அதன்பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை. போன லீவில் மத்தியானம் போய்ப் படலையைத் திறந்தபோது குசினியில் சோற்றைக் குழையப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம்.

“ஆருக்கம்மா இது?”

“ஆறட்டும். அவள் எழும்பினாப் பிறகு குடுப்பம். நீ கையைக் கழுவிப்போட்டு வா.”

எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டார். நடு அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.