எதிர்ப்பக்கச் சோறு

விடுமுறை விஞ்ஞான முகாமுக்குப் போயிருக்கும் மகள் தன் மதியச் சாப்பாட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். தட்டில் அவள் பக்கம் காலி; எதிர்ப்பக்கச் சோறு கோடு கிழித்தாற்போல் அப்படியே இருந்தது.

அவள் வயதில் நானும் மட்டக்களப்பில் ஒரு கணித முகாமில் தங்கினேன். மருதமுனையில் எங்கள் வீட்டில் அன்றும் இன்றும் எல்லோரும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து, அந்தப் பெரிய தட்டில் அவரவர் முன்னாலுள்ளதைத்தான் உண்போம். எதிரே கை நீட்டினால் உம்மா முறைப்பார். முகாமிலோ தனித்தனித் தட்டு. பசித்தும் என் கை தட்டின் பாதியில் நின்றுவிட்டது.

"மிச்சம் ஆருக்கு புள்ள?" என்றார் பரிமாறிய அக்கா. எதிரே யாரும் உட்காராத வாங்கைப் பார்த்தேன்.

மகளுக்கு எழுதினேன்: "அந்தப் பக்கமும் ஒனக்குத்தான் மகள்."

பிறகு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். சஹனில் அவள் பக்கத்தை யாரும் தொடவில்லை.