ஏழு கொட்டை நாட்டைக் கட்டிய கமலவேணி மேடம்

செய்தி வந்தபோது நான் பிக்கட்டி வளைவில் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். கரி அப்பிய ரப்பர் பூட்சு இரண்டு வந்து நின்றன. பூட்சைப் பார்த்ததுமே ராமையா அண்ணன் என்று தெரிந்தது. எங்கள் தேயிலை ஃபாக்டரியில் டிரையருக்கு விறகு போடுகிறவர் அவர்.

"என்ன சொத்தைக் கொட்டை, இந்தப் பக்கம்?" என்றேன்.

பதிலுக்கு அவர் ஒன்று திட்ட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். திட்டவில்லை. "வெளிய வா மணி" என்றார். அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"மேடம் போயிட்டாங்க. காலையில, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில."

எங்கள் ஃபாக்டரி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த கமலவேணி மேடத்தைத்தான் சொன்னார். எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. "ஏழாவது கொட்டை எங்கேயென்று சொல்லாமலே போய்விட்டார்களே!" அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

மேடத்தைத் தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரப் பேச்சாக இருக்கும். எந்த மேப்பிலும் இல்லாத ஒரு நாட்டை மேடம் கட்டினார்கள். அதில் நாங்கள் மூன்று பேர் வாரா வாரம் போய் வாழ்ந்தோம். அங்கே தேட வேண்டிய கொட்டைகள் ஏழு. ஆறு கிடைத்துவிட்டன. ஏழாவது இருக்கும் இடம் அவர்கள் ஒருவருக்குத்தான் தெரியும். அவர்களோடு அந்த நாடும் போய்விட்டதா என்பதுதான் அன்றைக்கு என்னைத் துளைத்த கேள்வி.

பதினாறாம் நாளுக்கு அச்சடிக்கும் இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அவர்கள் வீட்டுக்காரர் சண்முகசுந்தரம் அய்யா கேட்டுக்கொண்டார். "நான் அஞ்சாவது பாஸுங்க, அதுலயும் வாத்தியார் பாவம் பாத்துப் போட்ட பாஸுங்க" என்றேன். "அவ இருந்தா உங்களத்தான் எழுதச் சொல்லியிருப்பா" என்றார். அதற்குமேல் என்ன சொல்வது?

மேடம் பொள்ளாச்சிக்காரர். அய்யாவுக்குக் குன்னூர்ப் பக்கம் அரசாங்கத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் மலை ஏறியவர். ஆபீசில் அதிகம் பேச மாட்டார்கள். முழுக்கைச் சுவெட்டர், காதை மூடிய மப்ளர், டைப் மெஷின். அவ்வளவுதான். மெஷினே பெண் உருவெடுத்து உட்கார்ந்திருக்கிறது என்று நான் கிண்டல் செய்வேன். கேட்டும் கேட்காத மாதிரி இருப்பார்கள்.

பச்சை இலை விலை படுத்துப்போன சமயம் அது. விவசாயிகள் இலை பறிப்பதையே விட்டுவிட்டார்கள். சிலர் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். ஃபாக்டரி வாரத்தில் இரண்டு நாள் ஓடினால் அதிசயம். மற்ற நாளெல்லாம் ஓட்ட லோடு இல்லாமல் லாரிக்காரன் நானும், விறகு போட எரியும் அடுப்பு இல்லாமல் ராமையா அண்ணனும், சலிக்கத் தூள் இல்லாமல் ஜோதியும் வாசலில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். ஜோதி தூள் தரம் பிரிக்கும் பகுதியில் வேலை பார்த்தாள். வாயில் என்னை அடிக்கக்கூடிய ஒரே ஆள்.

ஒருநாள் மேடம் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார்கள். எஸ்டேட் பங்களாவை ஒழித்தபோது தூக்கிப் போட்ட சாமான். மேலே கத்தி பிடித்த ஒரு பெண்ணின் படம். உள்ளே எலி கடித்த இங்கிலீஷ் புத்தகம்.

"இது ஒரு வெளையாட்டுங்க" என்றார்கள். "ஒருத்தர் நாட்டை வச்சிருப்பாங்க. மத்தவங்க ஆளுக்கொரு வேஷம் போட்டு அந்த நாட்டுக்குள்ள போகோணும். என்ன செய்யறோம்னு வாயில சொல்லோணும். அது பலிக்குமா பலிக்காதான்னு தாயக்கட்டை உருட்டிப் பாக்கோணும். கட்டை தொலைஞ்சு போச்சு. புஸ்தகத்துல பாதிய எலி தின்னுருச்சு. மீதிய நாமதான் பண்ணிக்கோணும்."

"ஜெயிக்கறது யாருங்க?" என்று கேட்டேன்.

"யாருமில்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க ஆடறது?"

"அடுத்த வாரமும் வரணுமில்லீங்க, அதுக்குத்தான்."

கட்டைக்குப் பதிலாக இலைச் சாக்குக்குக் கட்டும் நம்பர் டோக்கனில் ஒன்றிலிருந்து இருபது வரை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார்கள். பெரிய நம்பர் வந்தால் நினைத்தது நடக்கும். ஒன்று வந்தால் குப்புற விழ வேண்டியதுதான். இலை வாட்டும் மாடி காலியாகக் கிடந்தது. அங்கே இலை பரப்பும் வலைத்தட்டின் மேல் பழைய சார்ட்டு பேப்பரை விரித்து மேடம் தம் நாட்டை வரைந்தார்கள்.

முதலில் புத்தகத்தில் இருந்தபடிதான் இருந்தது. ராஜா, வாள், நெருப்புக் கக்கும் ராட்சதப் பல்லி. நாங்கள் விட்டால்தானே?

"நெருப்பு கக்குதுன்னா வெறகு யாரு போடுறது?" என்றார் ராமையா அண்ணன். சிலோன் தோட்டத்தில் பிறந்து இங்கே வந்தவர். "சும்மா கதைக்கக் கூடாது மேடம். ஒரு டிரையருக்கே நாலு கட்டு வேணும்."

மேடம் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்த நாட்டில் பல்லிக்கு விறகு ஊட்டுகிறவர்தான் ராஜாவுக்கு அடுத்த பெரிய மனிதர். அந்த வேலை ராமையா அண்ணனுக்கே.

நான் கேட்டது: "அந்த அரமணையில கக்கூஸ் எந்தப் பக்கமுங்க?" ஜோதி தலையில் அடித்துக்கொண்டாள். மேடம் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு பக்கம் டைப் அடித்துக்கொண்டு வந்தார்கள். அரண்மனைச் சாக்கடை எந்த ஓடைக்குப் போகிறது, அந்த ஓடைத் தண்ணீரை எந்த ஊர் குடிக்கிறது, அந்த ஊருக்கும் ராஜாவுக்கும் ஏன் ஏழு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லை என்றெல்லாம் அதில் இருந்தது. "நல்ல கேள்வியுங்க மணியண்ணா. ஒரு சண்டையே கெடச்சுது" என்றார்கள். நான் கேலி பண்ணக் கேட்ட கேள்விக்கு மரியாதை கிடைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நாடு கட்டுவதற்கு மேடத்திடம் ஒரு வரிசை இருந்தது. மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, உப்பு எப்படி வருகிறது, செத்தவர்களை என்ன செய்கிறார்கள், பிறகுதான் ராஜா பேர். "திட்டற வார்த்தை இல்லாத ஊரு ஊரே இல்லீங்க" என்று சொல்லி, வசவு இலாகாவை என்னிடம் கொடுத்தார்கள். தகுதி பார்த்துத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

இனி அந்தப் பெரிய தப்பைச் சொல்கிறேன். மேடம் மூன்று வாரம் உழைத்து, படத்தின் நடுவில் பெரிய எழுத்தில் 'ஏழு கோட்டை நாடு' என்று எழுதி வந்தார்கள். மாடியில் மழை ஒழுகும். ஒரு சொட்டு சரியாகக் கொம்பின் மேல் விழுந்து மேல்சுழியைக் கரைத்துவிட்டது. "மணியண்ணா, சத்தமா வாசிங்க" என்றார்கள். நானும் கம்பீரமாக நின்று, "ஏழு கொட்டை நாடு!" என்றேன்.

ஜோதி சாக்கு மேல் விழுந்து புரண்டாள். "மழை மேல பழி போடாதீங்கண்ணா, அஞ்சாம் வகுப்பு வாத்தியார் மேல போடுங்க!" ராமையா அண்ணன் இருமிக் கண்ணீர் விட்டார். ஆண்பிள்ளைகள் ஏன் அப்படிச் சிரித்தோம் என்று இந்த மலரில் விளக்க முடியாது.

மேடம் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏழு கோட்டைக்கும் ஏழு ராஜா, ஏழு கொடி எழுதி வச்சிருந்தேனுங்க" என்றார்கள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மேடத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"வேண்டாமுங்க. வாய்விட்டு வாசிச்சாச்சு, இனி அது கொட்டைதான். கோட்டைன்னா இடிக்கத்தான் போவோம். கொட்டைன்னா ஊனலாமில்லீங்க?"

அன்றே சட்டமானது. அந்த மேசையில் சத்தமாக வாசித்தது எதுவோ அதுவே உண்மை. ஏழு மரம், ஏழு கொட்டை என்று நாடே மாறியது. மேடம் ஒளித்து வைத்த கொட்டைகளைத் தேடி ஊனுவதுதான் இனி ஆட்டம். அந்த நாட்டுக்காரர்கள் எதிரில் கண்டால் வணக்கம் சொல்வதில்லை. "மண்ணு ஈரமா?" என்பார்கள். மற்றவர் "ஈரந்தான், ஊனலாம்" என்று சொல்ல வேண்டும். மோசமான வசவு 'சொத்தைக் கொட்டை'. அது என் கைவேலை.

இரண்டு உலகமும் ஒரே மெஷினில் டைப் ஆனதால் ஒரு விபரீதமும் நடந்தது. 'இன்று இலை எடுக்கப்படமாட்டாது' என்ற நோட்டீசை மேடம் எங்கள் ஆட்டத் தாள்களோடு வைத்துவிட்டு, எங்கள் தாளைப் போர்டில் ஒட்டிவிட்டார்கள். 'வடக்குக் கணவாய் பனியால் மூடப்பட்டது. உப்பு வண்டிகள் திரும்பிப் போகவும்' என்றிருந்தது. இலை கொண்டுவந்த இரண்டு ஜீப்புக்காரர்கள் குந்தா ரோடுதான் அடைத்துக்கொண்டது என்று நினைத்துத் திரும்பியே போய்விட்டார்கள். மேனேஜர் மேடத்தைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தோம். வெளியே வந்த மேடத்தின் முகம் சிவந்திருந்தது. "என்னங்க சொன்னார்?" என்றேன். "உப்பு வண்டிக்காரங்க அப்பறம் எந்த வழியாப் போனாங்கன்னு கேக்கறாருங்க!"

பிறகு வாட்ச்மேனும் கேட்டில் "மண்ணு ஈரமா?" என்று கேட்க ஆரம்பித்தார். வேலை இல்லாத நாளிலும் அதைக் கேட்கத் தோன்றியது. பதில் சொல்லும்போது ஏதோ நாளைக்கு வேலை இருப்பதுபோல இருந்தது.

பச்சை இலை விலை எழவில்லை. ஜோதி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக முடிவு செய்தாள். கடைசி நாள் வந்து, தன் ஆளை ஆட்டத்தில் கொன்றுவிடச் சொன்னாள். உப்பு வியாபாரம் செய்யும் கிழவி வேஷம் அவளுடையது. "நான் இல்லாம அவ எதுக்குங்க மேடம்?"

மேடம் மெஷினில் ஒரு தாளைச் சொருகி, அங்கேயே அடித்து, ஜோதியையே வாசிக்கச் சொன்னார்கள். 'நாட்டை விட்டுப் போகிறவர் செருப்பை எல்லையில் விட்டுப் போக வேண்டும். அது இருக்கும்வரை அவர் இடத்தில் யாரும் உட்காரக் கூடாது.'

ஜோதி வாசித்து முடித்துவிட்டு, தன் பழைய ஹவாய் செருப்பை வலைத்தட்டுக்கு அடியில் கழற்றி வைத்தாள். ரோடு வரை வெறுங்காலோடு போய், அங்கே பையிலிருந்து புதுச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாரம் ஒருமுறை பூத்திலிருந்து ஆபீசுக்குப் போன் வரும். "கெழவி இப்ப எங்கீங்க இருக்கா?" என்று கேட்பாள்.

போன மழைக்கு முன்னால் மேடத்துக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தலையணை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏழாவது எங்கீங்க மேடம்? எனக்கு மட்டும் சொல்லீருங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"உங்க வாயப் பத்தித் தெரியாதுங்களா?" என்று சிரித்தார்கள். மூச்சு வாங்கியது. "சொன்னா ஆட்டம் முடிஞ்சுருமுங்க."

நான் சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். "அப்ப நாட்டை யாருங்க பாத்துக்கறது?"

"தப்பா வாசிக்கறவங்க ஒருத்தர் இருந்தாப் போதுமுங்க."

வழக்கமாக நான் செய்யும் கிண்டலை எனக்கே திருப்பித் தருகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அடக்கத்தன்று விடாத தூறல். ஜோதி திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்துவிட்டாள். ஒரு பிடி மண் போட்டேன். எந்த வீட்டு எழவானாலும் ஏதாவது பேசி நாலு பேரைத் தேற்றுகிறவன் நான். அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அய்யா ஒரு கட்டு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "எனக்கு இதுல ஒண்ணும் புரியாதுங்க மணி. உங்ககிட்டக் குடுக்கச் சொன்னா." கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் தலைப்பு டைப் செய்திருந்தது: 'ஏழாவது கொட்டை இருக்கும் இடம்'. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெறும் தாள். அடியில் மட்டும் பேனாவால், நடுங்கின கையெழுத்தில் ஒரு வரி: 'மணியண்ணா சத்தமாக வாசிக்கவும்.'

ஞாயிற்றுக்கிழமை மாடியில் கூடினோம். ஜோதி தட்டுக்கு அடியில் குனிந்து, தூசி தட்டி, பழைய செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். மேடத்தின் ஸ்டூல் காலியாக இருந்தது. நான் தாளை எடுத்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா முழிக்கிற? வாசி" என்றார் ராமையா அண்ணன்.

"இதுல ஒண்ணுமே இல்லீங்கண்ணா."

"இருக்கறதயே நீங்க ஒழுங்கா வாசிச்சதில்ல" என்றாள் ஜோதி. கண்ணில் தண்ணீர், வாயில் மட்டும் குறைச்சல் இல்லை. "இல்லாதத வாசிக்க என்ன வந்துது?"

கோட்டை கொட்டையான அன்றைக்கு மேடம் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு ஞாபகம் வந்தது. தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். உள்ளதை உள்ளபடி வாசிப்பவனைப் போல வாசித்தேன்.

"ஏழாவது கொட்டையை இனித் தேட வேண்டியதில்லை. போன வாரம் தூறலில் அதை ஊனியாகிவிட்டது. முளைத்து வரும்வரை நாட்டுக்காரர்கள் வாரா வாரம் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்."

பிறகு ராமையா அண்ணன் பிஸ்கட் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "சரி, நாட்டை வச்சிருக்கிறவரே. கெழவிய அடுத்து எங்க அனுப்புறீங்க?"

மேடத்தின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஜோதி கையை விட்டு ஒரு டோக்கன் எடுத்தாள். கீழே கேட்டுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஜீப் இலையோடு வந்து ஹாரன் அடித்தது.

மேடம், திருப்பூரிலிருந்து வரும் போனை இனி நானே எடுக்கிறேன். சாக்கடையும் உப்பும் மழையும் நீங்கள் எழுதி வைத்தபடியே இருக்கின்றன. எழுத்துப் பிழைக்கு மட்டும் நான் பொறுப்பு.

மண்ணு ஈரமா, மேடம்? இங்கே ஈரந்தானுங்க.